இரண்டாம் பாகத்தைக் காணோம்

“மாயக்கதைத் தொடர்களில் முதல் புத்தகத்தோடு பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? எழுதித் தாருங்கள்” என்றார் இதழாசிரியர். கைப்பேசிதான் காரணம் என்ற பதிலையும் அவரே கையில் வைத்திருந்தார். அதை உறுதி செய்துகொண்டு வரத்தான் முக்கூடலுக்குப் போனேன். (முக்கூடற் பள்ளு பாடிய ஊர் சீவலப்பேரிப் பக்கம். இது வேறு முக்கூடல். பீடி சுற்றும் முக்கூடல்.)

முத்துமாலையம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தெரு. திண்ணையில் அம்மாவும் சித்தியும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவருக்கும் கதை வாசித்துக் காட்டுவது அவள் வேலை. ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தைத் தமிழில் படித்திருக்கிறாள். இரண்டாவது கிடைக்கவில்லை. சரியென்று பொன்னியின் செல்வனுக்கு வந்து, ‘புது வெள்ளம்’ ஐம்பத்தேழு அத்தியாயத்தையும் திண்ணையிலேயே வாசித்து முடித்துவிட்டாள். அதிலும் இரண்டாவது நூலகத்தில் கிடைக்கவில்லை.

“மூணாவது இருக்கு, அத எடுத்துட்டுப் போன்னு சொல்லுதாவ சார். அத வச்சு நான் என்ன செய்ய?”

சித்தி இலையைச் சுருட்டியபடியே கேட்டார்: “அந்த வந்தியத்தேவன் ஓலையக் கொண்டு சேத்தானா இல்லையா, அதையாவது நீங்க சொல்லிட்டுப் போங்க.”

ஆசிரியர் தந்த பதில் அந்தத் திண்ணையிலேயே செத்துப்போயிற்று.

மூன்றாவதை எடுத்துப் போ என்று சொன்னவருக்கு இந்த நாவலின் அமைப்பு தெரியாது. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய இக்கதையின் நாயகன் அருள்மொழிவர்மன் முதல் பாகம் முழுவதும் பேச்சில்தான் இருக்கிறான். எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவன் மட்டும் வருவதில்லை. ஈழத்தில் அவன் நேரில் வந்து நிற்பது இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றில். பூங்குழலி படகோடு வருவதும் அதில்தான். புயலில் மாட்டிய இரண்டு வீரர்களை அவள் காப்பாற்றுவதும் அதில்தான். அந்த ஐம்பத்து மூன்று அத்தியாயங்களைத் தாண்டி மூன்றாம் பாகமான ‘கொலைவா’ளைக் கையில் எடுப்பவள், மாப்பிள்ளையைப் பார்க்காமலேயே மறுவீட்டு விருந்துக்குப் போனவள் மாதிரி.

வெளியே உள்ள தொடர்களும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. உர்சுலா லெ குவின் 1968-இல் எர்த்ஸீ வரிசையைத் தொடங்கினார். 1971-இல் வந்த இரண்டாம் புத்தகத்தை, முன்பின் தெரியாத ஒரு பெண் பூசாரியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். பழைய நாயகன் வெகுநேரம் கழித்துத்தான் தலைகாட்டுகிறான். ஹாரி பாட்டரின் இரண்டாம் புத்தகத்தில் (1998) ஆளைக் கெடுப்பதே ஒரு பழைய நாட்குறிப்புதான். முதல் புத்தகத்தில் பிள்ளை ஓர் உலகத்தைச் சுற்றிப் பார்க்கிறது. இரண்டாவதில் அங்கே குடியேறுகிறது. வெளியூர்க்காரன் உள்ளூர்க்காரன் ஆகிற இடம் அது. அங்கே போய்க் கதவைச் சாத்துகிறோம்.

பொன்னியின் செல்வன் திரைப்படம் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். 2022-இல் வந்த முதல் படம் ஏறக்குறைய ‘சுழற்காற்று’ முடிகிற அதே கடலில்தான் முடிகிறது. “நானும் பாத்தேன் சார், ஆனா சித்திக்கு நான் வாசிக்கணும்லா” என்றாள் அந்தப் பெண். எனக்கு அது போதும்.

சித்திக்கு வாசிக்கிறாள் என்பது சின்ன விஷயமில்லை. கண்ணூர்ப் பீடிக் கொட்டகைகளில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கியூபாவின் ஹவானா சுருட்டு ஆலைகளில் 1865 முதல் இதற்கென்றே ஆள் உண்டு, மேடையும் உண்டு. அங்கே வாசிக்கக் கேட்ட நாவலின் பெயரைத்தான் மான்டெகிறிஸ்டோ சுருட்டுக்கு வைத்தார்கள். நம் பக்கம் பெண்கள் அவரவர் வீட்டுத் திண்ணையில் சுற்றுகிறார்கள். கொட்டகை இல்லை, மேடையும் இல்லை. மகள்தான் வாசிப்பாள். அவள் கையில் இரண்டாம் பாகம் இல்லையென்றால் அன்றைக்குத் தட்டைச் சுற்றி மூன்று பேருக்குக் கதை நின்றுபோகிறது.

என் சிறுவயதிலும் இதே கதைதான். ஊர் பெயர் வேண்டாம்; தாமிரபரணிக் கரையில் ஒரு நூலகம். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களில் ஒன்று, மூன்று, ஐந்து மட்டும் அலமாரியில் நிற்கும். “ரெண்டாவது வெளிய போயிருக்கு” என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குப் போன பிறகும் அது வெளியேதான் போயிருந்தது. 1948-இலேயே பொது நூலகச் சட்டம் போட்டு, இந்தியாவுக்கே முன்னோடியாக நின்ற மாநிலம் இது. வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஒரு தொடரை வாங்கினால் முழுசாக வாங்க வேண்டும், ஒரு பாகம் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப வாங்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கு ஏன் வரவில்லை?

எழுத்துப் பக்கமும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. கோவில்பட்டி உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. கீழடியை இளையோர் கைக்குக் கொண்டுவந்த நல்ல நாவல். இப்படி நல்லவை இன்னும் சில உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒற்றைப் புத்தகங்கள். ஐந்து வருடம் ஒரே உலகத்தில் ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திப் போகும் தொடரை இன்றைக்கு யார் எழுதுகிறார்கள், எழுதினால் யார் போடுகிறார்கள்?

கல்கியின் எழுத்து நாட்டுடைமை, இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது என்பார்கள். கிடக்கட்டும். அந்த வீட்டில் ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு காலையில் பஸ் ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புகிறது.

புத்தகத் திருவிழாக்களில் ஆசையாகச் செட் வாங்கிப் போனவர்கள் பரணில் கொஞ்சம் தேடிப் பாருங்கள். இரவல் வாங்கித் திருப்பாத ‘சுழற்காற்று’ எதுவும் கிடந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்த நூலகத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். யாரும் அபராதம் கேட்டால் நான் கட்டுகிறேன்.