குர்குமின்

குர்குமின் என்பது மஞ்சள் கிழங்கில் உள்ள ஒரு பாலிபீனால் சேர்மம் ஆகும். மஞ்சளின் நிறத்திற்கு இதுவே முதன்மைக் காரணம். இது 1815 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் வேதிக் கட்டமைப்பு 1910 இல் கண்டறியப்பட்டது. உலர்ந்த மஞ்சள் தூளின் எடையில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே குர்குமின் ஆகும்.

அழற்சியில் செயல்படும் விதம்

உடலில் காயமோ நோய்த்தொற்றோ ஏற்படும்போது, உயிரணுக்களில் உள்ள என்.எப்.-கப்பா பி என்னும் புரதம் தூண்டப்படுகிறது. வழக்கமாக இப்புரதத்தை மற்றொரு புரதம் தடுத்து வைத்திருக்கும். அத்தடை அழிக்கப்பட்டதும் என்.எப்.-கப்பா பி உட்கருவினுள் சென்று, அழற்சியை உண்டாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. ஆய்வக உயிரணுக்களில் குர்குமின் அந்தத் தடை அழியாமல் காப்பதால், காக்ஸ்-2 போன்ற அழற்சி நொதிகளின் உற்பத்தி குறைகிறது.

புற்றுநோய் உயிரணுக்கள்

பல புற்றுநோய் உயிரணுக்களில் இதே புரதம் இடைவிடாது இயங்கி, அவை இறந்துவிடாமல் காக்கிறது. வளர்ப்புத் தட்டுகளில் குர்குமின் சேர்க்கப்படும்போது, அவ்வுயிரணுக்களின் பிரிவு தடைபட்டு, திட்டமிட்ட உயிரணு இறப்பு தொடங்குகிறது.

மனித உடலில் உள்ள தடைகள்

தட்டில் கிடைக்கும் விளைவு உடலில் அப்படியே கிடைப்பதில்லை. குர்குமின் நீரில் எளிதில் கரையாது; குடலில் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது; உறிஞ்சப்பட்டதும் குடற்சுவராலும் கல்லீரலாலும் விரைவில் மாற்றப்பட்டு வெளியேற்றப்படுகிறது. சில மருத்துவ ஆய்வுகளில் நாளொன்றுக்கு 8 கிராம் வரை கொடுத்தும் இரத்தத்தில் மிகக் குறைந்த அளவே காணப்பட்டது. 3 கிராம் மஞ்சள் தூள் கொள்ளும் தேக்கரண்டியால் அளந்தால், 8 கிராம் குர்குமின் ஏறத்தாழ 90 தேக்கரண்டி மஞ்சளுக்குச் சமம். எனவே சமையலில் சேரும் மஞ்சளை ஆய்வக அளவுகளோடு ஒப்பிட இயலாது.

மிளகில் உள்ள பைப்பரின், இரத்தத்தை அடையும் குர்குமினின் அளவை ஏறத்தாழ 20 மடங்கு உயர்த்துவதாக 1998 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் பைப்பரின் வேறு மருந்துகள் உடலில் சிதைவதையும் தாமதப்படுத்தக்கூடும்.

குர்குமின் பல புரதங்களுடன் ஒரே நேரத்தில் வினைபுரிவதோடு, தானே ஒளிர்வதால் ஆய்வகச் சோதனைகளில் பொய்யான நேர்மறை முடிவுகளையும் தரக்கூடும். இதனை 2017 இல் வெளியான ஒரு மருத்துவ வேதியியல் மீளாய்வு விரிவாகச் சுட்டிக்காட்டியது.

பாதுகாப்பு

உணவில் பயன்படும் அளவில் மஞ்சள் பாதுகாப்பானது. எனினும், செறிவூட்டப்பட்ட குர்குமின் மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டுள்ளது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றை உட்கொள்ளக் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மாற்றாகக் குர்குமின் பயன்படும் என்பதற்குச் சான்று இல்லை.