சுவர்ப் பாட்டும் அடைப்புக்குறியும்

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றில் ஏறுவோர், ஓவிய மகளிரைக் கண்டு வியந்தபின் அருகிலுள்ள கண்ணாடிச் சுவரையும் காண்பர். முன்னாளில் அங்கு வந்தோர் தம் உள்ளக் கிளர்ச்சியைச் சிங்களப் பாக்களாக அச்சுவரிற் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாக்களைப் படித்தறிந்து, 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார் பேராசிரியர் செனரத் பரணவிதான.

ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் கண்ட சுவரில் எழுத்துகள் சிதைவது இயல்பே. சிதைந்த இடத்தை அறிஞர் ஊகித்து நிரப்பலாம். ஆனால் புலவன் எழுதியது எது, பதிப்பாசிரியர் சேர்த்தது எது என்று நாம் அறிவது எங்ஙனம்? இங்கேதான் அடைப்புக்குறி துணைக்கு வருகின்றது.

கிரேக்க, இலத்தீன் சாசனங்களைப் பதிப்பதற்கென 1931ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் ஒரு முறை வகுக்கப்பட்டது. அதன்படி 'மல[ர்]' என்று பகர அடைப்பிட்டால், 'ர்' அழிந்துபோனது, பதிப்பாசிரியர் ஊகித்தது என்பது பொருள். 'பேரா(சிரியர்)' என்று பிறை அடைப்பிட்டால், மூலத்திலுள்ள சுருக்கத்தை அவர் விரித்தார் என்பது பொருள். குறியை மாற்றியிட்டால் ஊகம் உறுதிபோலத் தோன்றும். விட்டுவிட்டாலோ நம் சொல் முன்னோர் சொல்லாகிவிடும் அன்றோ!

மாணவர்களே, விஞ்ஞானக் கட்டுரையிலும் இதுவே நெறி. பிறர் கூற்றை எடுத்தாளுங்கால் நாம் சேர்க்கும் விளக்கத்தைப் பகர அடைப்பில் இடுவோம். அளவு, ஆண்டு முதலிய துணைக்குறிப்புகளைப் பிறை அடைப்பில் இடுவோம். அவ்வடைப்பை நீக்கிப் படித்தாலும் வாக்கியம் குறைவின்றி நிற்றல் வேண்டும். நில்லாவிடின், உள்ளே அடைத்ததை வெளியே கொணர்ந்து எழுதுவதே முறை.