தவிட்டுப் பழமும் வன உரிமையும்

நீலகிரிச் சரிவுகளிலே தவிட்டுப் பழம் பறித்துத் தின்றவர்க்கு அதன் ருசியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ரோஜா வர்ணப் பூ; கருஊதாக் கனி; உள்ளே விதை மிகுதி, ஆயினும் தித்திப்பு. தேயிலைக்கும் சீகை மரத்துக்கும் இரையான புல்வெளிகளோடு இச்செடியின் இடமும் சுருங்கிற்று. நாமோ அயல்நாட்டு ஜெரேனியத்தைத் தொட்டியில் வளர்த்துப் பூரிக்கிறோம்! அழகுதான், குறை கூறோம்.

நமக்கு வினோதமாகிய காட்டுக் கனியும் தேனும் இருளர், குறும்பர் முதலியோர்க்கு ஜீவனம். அனுமதியின்றி ஒதுக்கு வனத்தில் அவற்றைச் சேகரிப்பதை 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் குற்றமாக்கிற்று. பரம்பரையாய்ச் சேகரித்து வந்த சிறு வனப்பொருள்களை எடுக்கவும் விற்கவும் அவர்களுக்குள்ள உரிமையை 2006-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் உரிமை கோரும் மனு கிராம சபையின் முன் வரவேண்டும். தேசத் தொண்டர்காள்! மலையேறிச் சென்று, எழுத்தறியாதார்க்கு அம்மனுவை எழுதிக் கொடுங்கள்.