அமெரிக்காவில் ஒரு பெண்ணின் முதல் கைத்துப்பாக்கி: சிறியதெல்லாம் எளிதானதல்ல

மகளோ தங்கையோ அமெரிக்காவில் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு அந்நாட்டின் துப்பாக்கிப் பழக்கம் புதிராகவே இருக்கும். இங்கே நாம் போலீசார், பாதுகாவலர் ஆகியோரின் இடுப்பில் மட்டுமே பார்க்கும் பொருளை, அங்கே ஓர் ஆசிரியையோ தாதியோ கடையில் வாங்கி ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் அதற்கு உரிமம்கூடத் தேவையில்லை. டெக்சஸ் 2021-இல் அந்த வரிசையில் சேர்ந்தது. உரிமம் கேட்கும் நியூயார்க் போன்ற மாநிலங்களும், ‘உனக்கென்று தனிப்பட்ட ஆபத்து இருப்பதை நிரூபி’ எனக் கேட்கக் கூடாது என்று 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஒரு பெண் அங்கே முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதல் கேள்வி விசா

மாணவர் விசா, எச்-1பி வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. ‘தோழியின் துப்பாக்கிதானே, பயிற்சித் தளத்தில் ஒருமுறை சுட்டுப் பார்க்கிறேன்’ என்பதும் சிக்கலில் முடியலாம்.

கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் உரிமம் எல்லா மாநிலங்களிலும் செல்லாது. இனி வரும் விவரங்கள் இந்தத் தகுதி உள்ளவர்களுக்கானவை.

சிறிய படகு பின்னால் ஓடும்

புதிதாக வாங்க வரும் பெண்ணுக்குக் கடைகளில் பெரும்பாலும் நீட்டப்படுவது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு துப்பாக்கி. சில, இளஞ்சிவப்பு நிறத்திலும் வரும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

சம்பான் படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு சட்டெனப் பின்னால் ஓடும். பெரிய படகு அவ்வளவு அசையாது. துப்பாக்கியும் அப்படித்தான். தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். எடை குறையக் குறைய அந்த உதை கையில் கூடுதலாகத் தெரியும். 2008-இல் வந்த ரூகர் எல்சிபி ஏறக்குறைய 270 கிராம்தான். சட்டைப்பையில் வைக்க வசதி. ஆனால் சுடும்போது கையை அறையும். பிடிக்கவும் போதிய இடம் இருக்காது. இரண்டு முறை சுட்டு வலி கண்ட பெண் மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு சுடுவாள், அல்லது பயிற்சிக்கே போகமாட்டாள்.

தோட்டா வெறுமையாக 670 கிராம் எடையுள்ள குளோக் 19 போன்ற நடுத்தர 9 மில்லிமீட்டர் பிஸ்டல் கற்றுக்கொள்ள எளிது. ஆனால் மெல்லிய ஆடைக்குள் மறைப்பது கடினம். இந்த இரண்டுக்கும் இடையில் அவரவர் கைக்குப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பதே தேர்வு.

ரிவால்வரா, பிஸ்டலா?

‘பெண்களுக்கு ரிவால்வர்தான் எளிது’ என்பது பழைய அறிவுரை. அதில் பாதி உண்மை உண்டு. சுழலும் உருளையில் தோட்டா போட்டால் போதும், வேறெதையும் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் சிறிய ரிவால்வரில் பெரும்பாலும் ஐந்து தோட்டாக்கள்தான். அதன் விசையை அழுத்த ஏறக்குறைய ஐந்து கிலோ விசை தேவை. குளோக் போன்ற பிஸ்டலில் அதில் பாதி போதும். விரல் திணறினால் குழல் ஆடும், குறி தவறும்.

பிஸ்டலில் சிக்கல் வேறு. ஸ்லைடு எனப்படும் அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். சிறிய பிஸ்டல்களில் இந்த ஸ்பிரிங் கடினமாக இருக்கும். மணிக்கட்டு பலவீனமானவர்களுக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2018-இல் .380 ஷீல்டு ஈசி என்ற வகையைக் கொண்டுவந்தது. அதன் ஸ்லைடு எளிதாக நகரும். ஒரு மேகசினில் எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும்.

எதுவானாலும் கணவரோ அண்ணனோ வாங்கித் தருவதைக் கண்ணை மூடி ஏற்பது சரியல்ல. பல பயிற்சித் தளங்களில் துப்பாக்கிகளை வாடகைக்குத் தருகிறார்கள். பயிற்றுநர் அருகில் நிற்க, மூன்று நான்கு வகைகளைச் சுட்டுப் பார்க்கலாம். தன் விரல் விசையை இயல்பாக எட்டுகிறதா, ஸ்லைடைத் தன் கையாலேயே இழுக்க முடிகிறதா, ஐம்பது தோட்டாக்களுக்குப் பிறகும் கை நடுங்காமல் இருக்கிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

கைப்பைக்குள் வேண்டாம்

2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரப் பேரங்காடி ஒன்றில், தாயின் கைப்பைக்குள் கைவிட்ட இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை இயக்கிவிட்டது. 29 வயதுத் தாய் அங்கேயே உயிரிழந்தார். அவர் முறையான உரிமம் பெற்றவர். பையிலும் துப்பாக்கிக்கென்றே தனி அறை இருந்தது.

பையைக் கீழே வைப்போம், நாற்காலியில் மாட்டுவோம், வழிப்பறிக்காரன் முதலில் பறிப்பதும் பையைத்தான். ஆகவே துப்பாக்கி உடலோடு ஒட்டிய ஹோல்ஸ்டரில், விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையில் இருக்க வேண்டும். உடலில் இல்லாத நேரத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். எப்போதும் தோட்டா நிரம்பியதாகவே கருதுவது, ஆள் பக்கம் திருப்பாமல் இருப்பது, சுட முடிவெடுக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, குறிக்குப் பின்னால் யார் இருக்கிறார் எனப் பார்ப்பது ஆகிய நான்கும் துப்பாக்கியைவிட முக்கியம்.

வெளியே பயம், உள்ளே ஆபத்து

பெண்கள் துப்பாக்கி வாங்குவது பெரும்பாலும் வெளியாருக்குப் பயந்து. ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் செய்த ஆய்வுகள் வீட்டுக்குள்ளும் பார்க்கச் சொல்கின்றன. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திராத பெண்களைவிட 35 மடங்கு அதிகம் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர், துணைவரால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படும் விகிதம் ஏழு மடங்கு அதிகம் என்றது 2022-இன் ஆய்வு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மனச்சோர்வில் ஒருவர் இருக்கும் வீட்டிலும், கை ஓங்கும் கணவர் இருக்கும் வீட்டிலும், எந்தத் துப்பாக்கி நல்லது என்ற கேள்விக்கு ‘எதுவும் வேண்டாம்’ என்பதே நேர்மையான பதில்.

ஊருக்கு வரும்போது

அங்கே சட்டப்படி வைத்திருந்தது இங்கே குற்றம். மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். சிங்கப்பூரில் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் சிறை. பயிற்சிக்குக் கொண்டுபோன பையின் மூலையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் இதில் அடங்கும். தீபாவளிக்கு வரும் மகளிடம், அந்தப் பையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.