பிபி மாத்திரை போட்டால் எலும்பில் கால்சியம் குறையுமா? உண்மை என்ன?

2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு, பூம்புகார் மாதிரி கடலோர ஊர்களிலும் பிபி மாத்திரை வீடு தேடி வருகிறது. பிபிக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் என்ன செய்கிறது?

ரத்தக்குழாய்ச் சுவரில் மென்தசை இருக்கிறது. அந்தத் தசை செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால் தசை இறுகும். குழாய் குறுகி பிபி ஏறும். கால்சியம் வெளியேறினால் தசை தளரும். வாய்க்கால் மதகை இறக்குவது போல, கால்சியம் நுழையும் வழியை அம்லோடிபின் ஓரளவு அடைக்கிறது. குழாய் விரிந்து பிபி இறங்குகிறது.

அப்போ எலும்பு கால்சியம்? அது குறையாது. மாத்திரை வாசலை மட்டும்தான் அடைக்கிறது.

சிலருக்குக் கணுக்கால் வீங்கலாம். டாக்டரிடம் சொல்லுங்க, நீங்களே நிறுத்திடாதீங்க. ‘பிபி நார்மல் ஆயிடுச்சே’ன்னு விட்டாலும் மதகு மறுபடி திறந்துவிடும்.