தடுப்பூசிக்குப் பிறகு மூட்டு வலித்தால்: எது பொறுக்கலாம், எது பொறுக்கக் கூடாது?



தடுப்பூசி பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "ஊசி போட்டால் பிள்ளைக்குக் கால் விழுந்துவிடும்" என்பது ஒன்று. "ஊசி போட்டால் வீங்கத்தான் செய்யும், தானாக வற்றிவிடும்" என்பது மற்றொன்று. முதல் பேச்சு ஊசியையே தடுக்கிறது. இரண்டாவது பேச்சு, எப்போதாவது உண்மையான ஆபத்து வரும்போது மருத்துவரிடம் போவதைத் தாமதப்படுத்துகிறது. எனவே எந்த வலி சாதாரணம், எந்த வலிக்கு உடனே ஓட வேண்டும் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

முதலில் சாதாரணமானவை. கைக்குழந்தைக்குத் தொடையில் போடும் பென்டா ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, லேசான வீக்கம் வரலாம். குழந்தை அந்தக் காலை உதைக்காமல் வைத்திருக்கும். இது தசையின் வலி, மூட்டுக்குள் எதுவும் நடக்கவில்லை. நாளுக்கு நாள் குறையும். பிறந்தவுடன் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி வேறு மாதிரி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்த இடத்தில் சிறு கட்டி வந்து, புண்ணாகி, சில வாரங்களில் தழும்பாக ஆறும். அதில் மஞ்சளோ மருந்தோ பூச வேண்டாம். அந்தப் பக்கத்து அக்குளில் நெறி கட்டினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, தடுப்பூசியாலேயே வரும் மூட்டு வலி. தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசியில் உள்ள ரூபெல்லா பகுதிக்கு இந்தக் குணம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு இது அரிது. வயது வந்த பெண்களுக்குச் சற்று அதிகம். ஊசி போட்டு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் விரல், மணிக்கட்டு, முழங்கால் வலிக்கும், சில சமயம் வீங்கும். பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் மூன்று வாரத்தில் போய்விடும். ஊசி போடாமல் ரூபெல்லா நோயே வந்தால் பெண்களுக்கு இதைவிட அதிகமாக மூட்டு வலி வரும். கர்ப்ப காலத்தில் வந்தால் வயிற்றில் உள்ள குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும். (கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடுவதில்லை.)

மூன்றாவது, ஊசி இடம் மாறிப் போனதால் வரும் தோள் வலி. இது பெரியவர்களுக்கே வருவது. ஹஜ், உம்ரா செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1987 ஹஜ்ஜில் மூளைக்காய்ச்சல் பரவியதிலிருந்து அதற்கான தடுப்பூசி கட்டாயம். சவூதி செல்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். இந்த ஊசி தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு, மூன்று விரல் அளவு கீழே, சதையில் இறங்க வேண்டும். மேலே ஏறி மூட்டை ஒட்டிய இடத்தில் இறங்கினால், இரண்டு நாளுக்குள் கடும் வலி தொடங்கும். கையைத் தூக்க முடியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும். நம் பெண்கள் கூச்சத்தால் கழுத்துப் பட்டியை மட்டும் விலக்கியோ, ஸ்லீவை அரைகுறையாகச் சுருட்டியோ காட்டும்போது இந்தத் தவறு நேர எளிது. செவிலியரையும் திரை மறைவையும் கேட்டு வாங்குங்கள். மேல்கை முழுவதும் தெரியும்படி உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் ஆபத்தானது: கிருமித் தொற்று. ஊசியோ மருந்தோ சுத்தமாக இல்லாவிட்டால், ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடிக்கலாம். மிக அரிதாகத் தோள், இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுக்குள்ளும் கிருமி போகலாம். மூட்டுக்குள் சீழ் சேர்ந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, கால் குட்டையாகவோ மடங்காமலோ போய்விடும். இதன் அடையாளங்கள்: குறையாமல் ஏறும் காய்ச்சல், வீங்கிச் சூடாகச் சிவந்த மூட்டு, ஒரு காலையோ கையையோ குழந்தை அசைக்கவே விடாமல் இருப்பது, துணி மாற்றும்போது கால் விரித்தால் அலறுவது, பால் குடிக்க மறுப்பது. இரண்டு நாளைக்குப் பிறகு வலி குறைவதற்குப் பதில் கூடுவதும் ஓர் அடையாளம்.

இவற்றில் ஒன்று கண்டாலும் "சுளுக்கு" என்று எண்ணெய் தேய்த்து உருவி விடாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள். அதே நாளில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களிலிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரம்தான். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் வழி. அது மருத்துவத்தோடு சேர்ந்தது, மருத்துவத்துக்குப் பதிலானது அல்ல. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம்.

தொற்று ஏன் வருகிறது? எம்.ஆர்., பி.சி.ஜி. மருந்துகள் தூளாக வந்து, அங்கேயே கரைக்கப்படுபவை. கரைத்த பிறகு 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். தாண்டினால் குப்பியில் கிருமி வளரும். ஊசிக்குழலும் ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். "குப்பி எப்போது கரைத்தது, ஊசி புதியதா?" என்று மரியாதையாகக் கேட்பது பெற்றோரின் உரிமை. நல்ல செவிலியர் கோபிக்க மாட்டார்.

இதை மறைக்காமல் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தனர். அதன் பிறகு ஊர் ஊராகப் போய்ப் போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையங்களில் போடும் முறை வந்தது. புகார் வெளியே வந்ததால் முறை மாறியது. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு எம்.ஆர். ஊசி முகாம் நடந்தபோதோ, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அந்த வதந்தியால் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு கூடவில்லை.

எனவே ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அட்டையில் தேதியும் மருந்தின் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது 104இல் கேளுங்கள். கடுமையான பாதிப்பு என்றால் மாவட்ட அளவில் விசாரிக்கக் குழு இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் அது பதிவாகும். ஊசிக்குப் பின் வந்த நோயெல்லாம் ஊசியால் வந்ததல்ல. அதைப் பிரித்துச் சொல்வதும் அந்தக் குழுவின் வேலைதான்.

மாமியார், பாட்டி, மதரஸா உஸ்தாத் ஆகியோரும் இந்த அடையாளங்களை அறிந்திருந்தால், தாய் தனியாகத் தடுமாற வேண்டியதில்லை. படித்ததும் இதழைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண சுகம் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.