வெலிங்டனுக்குக் கிடைத்த ஓர் இடம்

குன்னூரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வெலிங்டன். அங்குள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் கால்பந்து அணி 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றது. 4 ஆண்டுகளில் 2 முறை, அதாவது 50 சதவீதம். டூராண்ட் 1888இல் தொடங்கியது. இந்தியக் கால்பந்துப் போட்டிகளில் அதுவே மிகப் பழையது. விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டை இருப்பிடமாகக் கொண்ட வேறெந்த அணியும் அக்கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை.

கால்பந்து வீரர்களின் புகழ்ப்பட்டியல் என்று நாம் கையில் எடுத்து எண்ணக்கூடியது அர்ஜுனா விருதுப் பட்டியல். 1961 முதல் 2020 வரையிலான 60 ஆண்டுகளில் அதில் 27 கால்பந்துப் பெயர்கள் ஏறின. வெலிங்டன் அணியில் ஆடியவர் அவர்களில் ஒருவர்: கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், 1967. 27இல் 1 என்பது 3.7 சதவீதம். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 6 சதவீதம். ஆட்டத் திறன் தலைக்கட்டுக் கணக்கில் பிரிவதில்லை. ஆகவே இந்த 2.3 சதவீதப் புள்ளி இடைவெளியை மட்டும் வைத்து ஓரவஞ்சனை என்று சொல்லிவிட முடியாது. பெயர்கள் எந்த ஆண்டுகளில், எந்த ஆட்டக்காரர்களுக்கு விழுந்தன என்று பார்க்க வேண்டும்.

முதல் பத்தாண்டில், 1961 முதல் 1970 வரை, 9 பேர். மொத்தத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அடுத்த பத்தாண்டில் 5, அதற்கடுத்து 3, 1991 முதல் 2000 வரை 2. 1961 முதல் 1967 வரையிலான 7 ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒருவராக 7 பேர். 1990 முதல் 1996 வரையிலான 7 ஆண்டுகளில் ஒருவருமில்லை. அர்ஜுனா எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான விருது; கால்பந்துக்கு ஆண்டுதோறும் ஓர் இடம் என்ற உறுதி கிடையாது. ஒரே அளவு திறன் கொண்ட இருவரில் 1963இல் உச்சத்தில் இருந்தவருக்குக் கதவு திறந்திருந்தது, 1993இல் இருந்தவருக்கு மூடியிருந்தது.

அந்த முதல் 7 பெயர்களை வரிசையாக எழுதினால் ஓர் உண்மை தெரியும்: பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம், சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங், அருண் கோஷ், யூசுப் கான், தங்கராஜ். 7 பேரும் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியினர். 100 சதவீதம். அதே அணியின் சந்திரசேகரன், திரிலோக் சிங், பிராங்கோ, பிரசாந்த சின்கா, ராம் பகதூர், மாற்று கோல்கீப்பர் பிரத்யுத் பர்மன் ஆகிய 6 பேருக்கு அர்ஜுனா இல்லை. இங்கே பெயர் சொன்ன இந்த 13 பேரை மட்டும் ஆடிய இடத்தின்படி பிரித்தால், முன்வரிசையில் 4க்கு 4. பின்வரிசையும் நடுவரிசையும் சேர்ந்து 7க்கு 2, அதாவது 29 சதவீதம். கோல்கீப்பர்களில் 2க்கு 1. பின்வரிசையில் விருது பெற்ற இருவரில் ஜர்னைல் சிங், தலைக்காயத்தோடு முன்வரிசைக்கு மாற்றப்பட்டு, தென் கொரியாவுக்கு எதிராக 2–1 என வென்ற இறுதியாட்டத்தில் ஒரு கோல் அடித்தவர். அவரையும் கழித்தால் 6க்கு 1, 17 சதவீதம். நடுவரிசை ஆட்டக்காரர்கள் 3 பேர்; விருது 0.

கல்கத்தா முகவரிதான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. அந்த 7 பேரில் 6 பேர் விருதின்போது கல்கத்தா அணிகளில் இருந்தவர்கள். ஐதராபாத்தின் யூசுப் கான் மட்டும் விலக்கு. பம்பாயில் ஆடிய சந்திரசேகரனும் பிராங்கோவும் 2க்கு 0. ஆனால் கல்கத்தாவில் ஆடிய ராம் பகதூரும் பிரசாந்த சின்காவும்கூட 2க்கு 0. ஊரைவிட ஆடிய இடமே கூடுதலாக எடை போட்டிருக்கிறது என்றுதான் இச்சிறு எண்ணிக்கையிலிருந்து சொல்லத் தோன்றுகிறது.

விருது தொடங்கிய ஆண்டின் எடை இன்னும் பெரியது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4ஆம் இடம். ஆஸ்திரேலியாவை 4–2 என வென்ற ஆட்டத்தில் நெவில் டிசோசா 3 கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியரின் முதல் ஹாட்ரிக் அது. தொடர் முழுவதும் அவர் அடித்தது 4 கோல். அவருக்கு அர்ஜுனா இல்லை. அணித்தலைவர் பத்ரு பானர்ஜிக்கும் இல்லை. அந்த அணியிலிருந்து விருது பெற்றவர்கள் பி.கே. பானர்ஜி, பலராம், தங்கராஜ் ஆகிய 3 பேர். மூவரும் 6 ஆண்டு கழித்து ஜகார்த்தாவிலும் இருந்தவர்கள். மெல்பர்னை மட்டும் கொண்டு உள்ளே போனவர் 0.

கோல்கீப்பர் கணக்கு எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. 27இல் 4 பேர் கோல்கீப்பர்கள்: தங்கராஜ், பிரம்மானந்த் சங்வால்கர், சுப்ரதா பால், குர்பிரீத் சிங் சந்து. 14.8 சதவீதம். ஓர் அணியில் அவர்கள் பங்கு 11இல் 1, அதாவது 9.1 சதவீதம். மொத்தத்தைப் பார்த்தால் குறையில்லை. காலத்தைப் பிரித்தால் குறை தெரியும்: 1989 வரை 17இல் 1, 5.9 சதவீதம், 1997 முதல் 10இல் 3, 30 சதவீதம். தங்கராஜுக்கும் சங்வால்கருக்கும் இடையே 30 ஆண்டுகள். சராசரி சமன் செய்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கம்பங்களுக்கு நடுவே நின்றவர்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

பின்வரிசையைக் குறைத்து எடைபோடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் 2002இல் தன் புகழ்க்கூடத்தைத் தொடங்கியபோது 22 ஆண் வீரர்களைத் தேர்ந்தது. கோல்கீப்பர்கள் பேங்க்ஸ், ஷில்டன் என 2 பேர்: சரியாக 9.1 சதவீதம். முழுக்கப் பின்வரிசைக்காகவே அறியப்பட்டவர்கள் என்றால் பாபி மூரும் பில்லி ரைட்டும், அதுவும் 9.1 சதவீதமே, களத்தில் அவர்கள் பங்கு 30 சதவீதத்துக்கு மேல் இருந்தும். பெண்களில் லில்லி பார் ஒருவரே, 23இல் 1, 4.3 சதவீதம். இந்தியாவில் 27இல் 2, 7.4 சதவீதம்: 1983இல் சாந்தி மல்லிக், 2017இல் பெம்பெம் தேவி. இடைவெளி 34 ஆண்டுகள்.

மீண்டும் வெலிங்டன். 1955 கோப்பைக்கும் முதல் அர்ஜுனாவுக்கும் இடையே 6 ஆண்டு, 1958 கோப்பைக்கும் அதற்கும் இடையே 3 ஆண்டு. இரண்டு வெற்றியும் பட்டியல் பிறப்பதற்கு முந்தியவை. தங்கராஜ் 1960இல் முப்படைகளின் சர்வீசஸ் அணிக்குத் தலைமையேற்று, மாநில அணிகளுக்கான தேசியப் போட்டியில் அதன் முதல் சந்தோஷ் டிராபியை வென்றார், பின்பு கல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளிலும் ஆடினார், ஜகார்த்தா இறுதியாட்டத்தில் கோல் காத்தார். நீலகிரியில் முதல் கோப்பையைத் தொட்டதிலிருந்து விருதுக்கு 12 ஆண்டு. தங்கத்திலிருந்து 5 ஆண்டு. மலையிலேயே ஆடி ஓய்ந்த சக வீரர்களுக்கு இந்தப் படிகளில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஒரு களத்தில் 11 பேர், பட்டியலில் 1. எஞ்சிய 10 பேரின் உழைப்பை இந்தக் கணக்கில் எங்கே எழுதுவது என்பது என்னை உறுத்துகிறது.

ஓய்வுபெற்றவர்களின் வாழ்நாள் பங்களிப்புக்கான தியான்சந்த் விருது 2002இல் வந்தது, அர்ஜுனாவுக்கு 41 ஆண்டு கழித்து. கால்பந்தில் ஷபீர் அலிக்கு அது கிடைத்தது 2011இல். தங்கராஜ் 2008இலேயே இறந்துவிட்டார். 1955இல் வெலிங்டன் அணிக்காக 25 வயதில் ஆடிய ஒருவருக்கு 2002இல் 72 வயது, 2011இல் 81.